மலையூரில் குடியேறலாமா? வயலையும் வீட்டையும் தனித்தனியாக யோசியுங்கள்

கேள்வி இதுதான். நகரத்திலிருந்து பல மணி நேரம் மலைப்பாதையில் ஏறிப் போக வேண்டிய ஒரு விவசாய ஊரில், காய்கறி விளையும் சரிவு நிலம் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கி, அதிலேயே வீடும் கட்டி, வயதான அம்மாவோடு குடியேற நினைக்கிறீர்கள். நிலச்சரிவுச் செய்திகளைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், நாம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் "அதிலேயே வீடும் கட்டி" என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சரிவு நிலங்களில் மண்ணையும் தண்ணீரையும் காக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கொஞ்சம் ஆபத்தான நிலத்தில்கூடக் கவனமாகப் பயிர் செய்யலாம் என்பது என் கருத்து. பகலில், கண் திறந்திருக்கும் நேரத்தில், வானத்தைப் பார்த்துக்கொண்டு செய்யும் வேலை அது. அதே நிலத்தில் மழை இரவில் படுத்துத் தூங்குவது முற்றிலும் வேறு விஷயம். வயல் எங்கே, படுக்கை எங்கே என்ற இரண்டையும் ஒரே முடிவாக எடுக்காதீர்கள்.

முதலில் இடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மலையில் சமதளம் அபூர்வம். ஓடை ஒன்று செங்குத்தான பள்ளத்திலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கைத் தொடும் இடத்தில், விசிறியை விரித்து வைத்த மாதிரி ஒரு மெல்லிய மேடு பரவியிருக்கும். மண் ஆழமாக இருக்கும், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், லாரி வந்து திரும்பவும் இடம் உண்டு. பார்த்தவுடன் யாருக்கும் அங்கேதான் வீடு கட்டத் தோன்றும். அந்த மேட்டை உண்டாக்கியதே அந்த ஓடைதான். ஒவ்வொரு பெருமழையிலும் மேலிருந்து பாறையையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி வளர்ந்த நிலம் அது. கிணற்றுக்கோ அஸ்திவாரத்துக்கோ தோண்டிய குழியின் பக்கவாட்டைப் பாருங்கள். மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காக இருந்தால் ஆறு நிதானமாகக் கொண்டுவந்தது. தலையளவுப் பாறையும் களிமண்ணும் மரத்துண்டும் தாறுமாறாகக் கலந்து, கல்லின் முனைகள் மழுங்காமல் இருந்தால், அது ஒரே மூச்சில் இறங்கி வந்த சேற்றுப் பாறைப் பெருக்கு. வயலின் நடுவில் வீட்டளவுப் பாறை ஒன்று தனியாக நின்றால் அதையும் கேளுங்கள்: இது எங்கிருந்து, எப்படி வந்தது?

"எங்க தாத்தா காலத்திலிருந்து இங்கே ஒன்றும் நடந்ததில்லை" என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மலையின் கணக்கு தாத்தா காலத்தைவிட நீளமானது, அவ்வளவுதான். பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் யுங்காய் என்ற ஊர் இருந்தது. 1962-ல் உவாஸ்கரான் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் சரிந்து, அருகிலிருந்த ரன்ராயிர்கா என்ற ஊரை அழித்தது. யுங்காய்க்கும் அந்தச் சரிவுக்கும் நடுவே உயரமான ஒரு மேடு இருந்ததால் அந்த முறை யுங்காய் தப்பியது. 1970 மே 31 அன்று நிலநடுக்கத்தில் அதே சிகரம் இன்னும் பெரிதாகச் சரிந்தபோது, சேறும் பாறையும் அந்த மேட்டையே தாண்டி வந்து சில நிமிடங்களில் ஊரை மூடிவிட்டன. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தப்பியவர்களில் பலர் ஊரின் கல்லறை மேட்டில் ஏறி நின்றவர்கள். எந்த மேடு காப்பாற்றும், எந்த மேடு ஏமாற்றும் என்று நாலு பேரிடம் கேட்டு, நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு வரைபடங்களையும் பாருங்கள். இந்தியாவில் இந்திய புவியியல் ஆய்வு மையமும், இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் நிலச்சரிவு வாய்ப்புள்ள இடங்களை வரைபடமாக்கியிருக்கின்றன. ஆனால் இந்த வகை வரைபடத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சரிவு எங்கே தொடங்கலாம் என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்லும், தொடங்கியது எதுவரை ஓடும் என்பதை எல்லா வரைபடமும் சொல்வதில்லை. 2024-ல் வயநாட்டில் மேலே தொடங்கிய பெருக்கு ஓடையைப் பிடித்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் கீழே போனது. உங்கள் மனை வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கலாம். அதற்கு நேர் மேலே, ஓடையின் தலைமாட்டில் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் நிம்மதி அடைய வேண்டும்.

இனி இரவைப் பற்றி. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில், தேயிலைத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த லயங்கள் (தோட்ட நிர்வாகம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள்) மீது மலை இறங்கியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே செய்தி போனது. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் 2024 ஜூலை 30 அன்று நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே மலை சரிந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லயத்தை எங்கே கட்ட வேண்டும் என்று அதில் தூங்கப்போகிறவர்களை யாரும் கேட்டதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை. உங்களுக்கு அந்தத் தேர்வு கையில் இருக்கிறது. தயவுசெய்து அதை வீணாக்காதீர்கள்.

பழைய மலையூர்களைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். சீனாவின் யுன்னானில் ஹானி மக்களின் படிக்கட்டு வயல்களை 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே உச்சியில் காடு, காட்டுக்குக் கீழே ஊர், ஊருக்குக் கீழே வயல், அடியில் ஆறு. காட்டை அவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள், தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. இப்படியே மற்ற மலைகளிலும் பழைய வீடுகள் திண்ணென்ற பாறைத் தோள்களில், அதாவது சரிவிலிருந்து தோள்போல் புடைத்து நிற்கும் பாறை மேடுகளில் இருக்கும், வயல்கள் சரிவில் இருக்கும். சாலை வந்த பிறகு கட்டிய வீடுகள்தான் கீழே இறங்கி, சாலைக்கு வெட்டிய மண்சுவரை ஒட்டியும் ஓடைக்கரையிலும் உட்காருகின்றன. வசதிக்காக இறங்கியவை. ஊரில் மிகப் பழைய நான்கு வீடுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், மனை தேட நல்ல தொடக்கம் அது. செங்குத்தாக வெட்டிய மண்சுவரின் அடி, ஓடை வாய், சரிவின் விளிம்பு, நிரப்பிய மண் ஆகிய நான்கும் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விவசாயியின் கையில் உண்மையாகவே இருக்கும் பகுதி இதுதான். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 4 லட்சம் லிட்டர், அதாவது 400 டன். அதில் எவ்வளவு மேலாக ஓடிப் போகிறது, எவ்வளவு உள்ளே இறங்கித் தேங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மண்ணின் துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிரம்பி அழுத்தம் கூடும்போது, துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிடி தளர்கிறது. அடியில் பாறையோ வழுக்கும் களிமண்ணோ இருந்தால், மேல்மண் மொத்தமாக அதன் மேல் நழுவும்.

உருளைக்கிழங்கு, கேரட் போடுகிறவர்கள் பாத்தியை மேலிருந்து கீழாக, சரிவின் போக்கிலேயே போடுவதைப் பார்த்திருப்பீர்கள். படித்தவர்கள் வந்து "குறுக்கே போடுங்கள், மண் அரிக்கிறது" என்று கண்டிப்பார்கள். விவசாயி தலையாட்டிவிட்டுப் பழையபடியே போடுவார். அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது: சரிவுக்கு நேர்குறுக்கே பாத்தி போட்டால் தண்ணீர் நின்று கிழங்கு அழுகும். அரிப்பும் உண்மை, அழுகலும் உண்மை. குறுக்கே போட்டுத் தண்ணீரைக் கட்டி நிறுத்தினால் சில மண்ணில் நழுவலுக்கே வழி செய்கிறோம் என்பதும் உண்மை. நான் சொல்லும் நடுவழி இது. பாத்தி குறுக்கேதான் போகட்டும், ஆனால் ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கட்டும். சாய்ந்த பக்கத்தில் புல் வளர்த்த ஒரு வடிகால் மேலிருந்து கீழ்வரை இறங்கட்டும். புல் இருந்தால் தண்ணீர் ஓடும், வாய்க்கால் அறுக்காது. அந்த வடிகாலை மழைக்கு முன்பே தூர்வாருங்கள். மழை பெய்யும்போது மண்வெட்டியோடு ஒரு நடை போய், எந்த இடத்தில் சருகு அடைத்துத் தண்ணீர் வரப்பைத் தாண்டுகிறது என்று பாருங்கள். வெயில் நாளில் எத்தனை முறை நடந்தாலும் அது கண்ணில் படாது.

சரிவின் மேலே பாசனத்துக்காகக் குளம் வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடியில் கசிவு தடுக்காமல் வெட்டிய குளம் வருடம் முழுக்கச் சரிவை ஊறப்போட்டுக்கொண்டே இருக்கும். கசியும் குழாயும், வீட்டுக் கழிவுநீர்க் குழியும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. வடிகால் சரியில்லாமல் கட்டடங்கள் பெருகின. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டு, மக்கள் வெளியேற வேண்டி வந்தது. தடுப்புச்சுவர் கட்டினால் அதில் நீர் வெளியேறும் துளைகள் இருக்க வேண்டும், அவை அடைபடாமல் இருக்க வேண்டும். துளை இல்லாத சுவர் தண்ணீரைப் பின்னால் தேக்கி, அதோடு சேர்ந்தே விழும். மரம் வெட்டிய சரிவில் உடனே ஒன்றும் நடக்காது, அதனால் தைரியம் வந்துவிடும். வேர் மக்கிப் பிடி விடச் சில வருடங்கள் ஆகும், ஆபத்து அப்போதுதான் வரும். மேலே உள்ள நிலத்தில் எப்போது மரம் வெட்டினார்கள் என்று விசாரியுங்கள்.

மலை பல நேரம் முன்கூட்டியே சொல்லும். ஒருமுறை ஒரு பூண்டு வயலைப் பார்க்கப் போயிருந்தேன். நிலத்துக்காரப் பெரியம்மா வேலிக்கல் வரிசையைக் காட்டினார். நட்டபோது நூல் பிடித்து நட்டது. நடுவில் இருந்த ஐந்தாறு கல் மட்டும் ஒரு சாண் கீழே தள்ளி, தலை முன்னே சாய்ந்து நின்றன. மேலே ஏறிப் பார்த்தால் புல்லுக்குள் மறைந்து பிறை வடிவத்தில் ஒரு விரிசல், உள்ளே விரல் போகும் அளவுக்கு. அந்த மாதிரி விரிசல் கண்டால் பக்கத்துக்கு ஒன்றாக இரு பக்கமும் முளைக்குச்சி அடித்து, இடைவெளியை அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். விரிசலுக்குள் மழைநீர் இறங்காதபடி களிமண்ணால் அடைத்து, மேலே தார்ப்பாய் போடுங்கள். அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனால் அளப்பதை நிறுத்திவிட்டு, கீழே இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு விலகிவிடுங்கள். கதவு, ஜன்னல் திடீரென்று இறுகுவது, தெளிந்த ஊற்று கலங்குவது, புதிய இடத்தில் ஊற்றெடுப்பது எல்லாம் இதே வகை. கொட்டும் மழையில் ஓடையின் தண்ணீர் சட்டென்று குறைந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். மேலே எங்கோ சரிந்த மண் ஓடையை அடைத்துத் தேக்குகிறது, அது உடைந்து வரும். ஓடையின் போக்கில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடேறுங்கள்.

மழையை நீங்களே அளக்க வேண்டும். தொலைவில் உள்ள வானிலை நிலையத்தின் கணக்கு உங்கள் பள்ளத்துக்குப் பொருந்தாது. ஒரு மலை முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும், அந்தப் பக்கம் தூறலோடு போகும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, அதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அதைவிட மிகக் குறைவு. இலங்கையில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். உங்கள் மண்ணுக்கு எல்லை வேறாக இருக்கலாம். ஏற்கனவே நாலைந்து நாள் ஊறிய மண்ணுக்குக் குறைந்த மழையே போதும். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற ஆய்வு அமைப்பு விவசாயிகளின் இடங்களில் மழைமானிகளைப் பரவலாக வைத்து அளந்து வருகிறது. 2024 சரிவுக்கு முந்தைய நாளே அங்கிருந்து மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை போனது. மழைமானிகள் தம் வேலையைச் செய்தன. எச்சரிக்கை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டும் வரை கொண்டுபோவதுதான் கடினமான பாதி.

வெளியேறுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தில் 2025 மே 19 அன்று சுமார் 300 பேரை, ஆடுமாடுகளோடு சேர்த்து, வெளியேற்றினார்கள். ஒன்பது நாள் கழித்து, மே 28 அன்று பனிப்பாறையும் மலையும் சரிந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. இறந்தவர் ஒருவர். ஊர் போய்விட்டது, மக்கள் இருக்கிறார்கள். அந்த ஆடுமாடுகள் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மாடு கொட்டிலில் கட்டிக் கிடக்கும்போது விவசாயக் குடும்பம் கிளம்பாது, கிளம்பினாலும் பால் கறக்கவும் தீனி போடவும் ஒருவர் திரும்பிப் போவார். மாட்டை எங்கே கட்டுவது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பேசி வைத்த ஊரில்தான் மனிதர்களும் நேரத்தோடு கிளம்புகிறார்கள். பல முறை கிளம்பி ஒன்றும் நடக்காமல் திரும்பியவர்களுக்குச் சலிப்பு வருவதும் இயல்புதான். அதைக் குற்றம் சொல்லாமல், போய்த் தங்கும் இடத்தைக் கௌரவமாக வைத்திருக்க வேண்டும். கழிப்பறை, பெண்கள் உடை மாற்ற மறைப்பு, அடுப்பு இல்லாத பள்ளிக்கூட வராந்தாவுக்கு யாரும் இரண்டாம் முறை வர மாட்டார்கள்.

சரிந்த பிறகு ஓடிப்போய்த் தோண்டத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். 2024 ஜூலையில் எத்தியோப்பியாவின் கோஃபா மலைப்பகுதியில், முதல் சரிவில் சிக்கியவர்களை மீட்கப் போனவர்கள் மீது இரண்டாவது சரிவு விழுந்தது. இறந்தவர்களில் பெரும் பகுதியினர் அப்படி உதவிக்குப் போனவர்கள். மேலே ஒருவரை நிறுத்தி, அவர் கண்ணும் விசிலும் சரிவின் மேலேயே இருக்க, கீழே தப்பிக்கும் வழி பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உயிர்போகும் சரிவு ஒரு வாழ்நாளில் வராமலே போகலாம். சாலை அடைபடுவது கிட்டத்தட்ட ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும். 2023 மழைக்காலத்தில் இமாச்சலப் பிரதேசத்தில் சாலைகள் அறுந்து, பறித்த ஆப்பிள் சந்தைக்குப் போக வழியில்லாமல் தேங்கியது. மலை விவசாயியைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் இதுதான். முழு நிலத்திலும் ஒரே வாரத்தில் அறுத்து அன்றே விற்க வேண்டிய பயிரைப் போடாதீர்கள். ஒரு பங்காவது பூண்டு, உருளை, உலர வைக்கக்கூடிய தானியம் என்று காத்திருக்கும் சரக்காக இருக்கட்டும். விதைப்புத் தேதியை மாற்றி, அறுவடையைப் பெருமழைக்கு முன்னோ பின்னோ தள்ளப் பாருங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நிலத்தை இப்போதே வாங்காமல், முதலில் ஒரு முழு மழைக்காலம் அந்த ஊரில் வாடகைக்கு இருங்கள். அம்மாவுக்குத் தினமும் மாத்திரை உண்டென்றால் ஒரு மாதத்துக்கு எப்போதும் கையிருப்பு வேண்டும். அருகில் எந்தச் சுகாதார நிலையத்தில் இரவில் ஆள் இருக்கிறார், சாலை அடைபட்டால் அங்கே போக வேறு பாதை உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வயல் சரிவிலேயே இருந்தாலும், வீட்டைப் பாறைத் தோளில் பழைய வீடுகளுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். தினமும் அரை மணி நேரம் நடந்துபோய்ப் பயிர் பார்க்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. அப்படி ஒரு மனை கிடைக்கவே இல்லை என்றால், நிலத்தில் சிறிய காவல் கொட்டகை மட்டும் போட்டுக்கொண்டு, மழை மாதங்களில் பாதுகாப்பான இடத்தில் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். வாடகைக்கு இருக்கும் அந்த மழைக்காலத்திலேயே, ஒரு இரவு டார்ச்சோடு அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டிலிருந்து மேட்டுக்கு நடந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த இடத்தில் அவருக்குக் கால் வழுக்குகிறது என்று பார்த்துவிட்டு மனைக்கு முன்பணம் கொடுங்கள்.